பாரசீகரின் நிலத்தடி நீர்க்கலையும் ஊவா மலைநாடும்

‘இந்து’ என்னும் சொல்லை நாம் நாடோறும் வழங்குகின்றோம். நம் கல்லூரிகளின் பெயரிலும், ஆலய பரிபாலன சபைகளின் பெயரிலும், அரசாங்கப் பதிவேடுகளிலும் அச்சொல் நிலைபெற்றுவிட்டது. ஆயினும், ஒரு சமயத்தின் பெயராக அஃது இருக்கு வேதத்திலே இல்லை. சங்கச் சான்றோர் பாடல்களிலும் இல்லை. வடமொழியார் ‘சிந்து’ என்று வழங்கிய ஆற்றின் பெயரே இச்சொல்லுக்கு மூலமாகும். வடமொழியிற் சகரமாக நின்ற ஒலி பண்டைப் பாரசீகர் நாவிலே ஹகரமாக ஒலித்தது. ஆதலின் அவர்கள் அவ்வாற்றையும் அதன் பாங்கரிலுள்ள நாட்டையும் ‘ஹிந்து’ என்றனர். பாரசீகப் பேரரசனாகிய முதலாம் தாரியசு தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பெயர்களைக் கல்லிலே பொறித்தபோது இப்பெயரையும் பொறித்தான். கிரேக்கர் ஹகரத்தை விடுத்து ‘இந்தோசு’ என்றனர். அதினின்றும் ‘இந்தியா’ தோன்றிற்று. எனவே, நம் சமயத்துக்கும் நம் அயல்நாட்டுக்கும் இன்று உலகம் வழங்கும் பெயர்கள் பாரசீகர் வாய்வழி வந்தவையாம்.

ஒரு நாகரிகம் பிறர்க்கு விட்டுச்செல்லும் செல்வம் பலவகைப்படும். மாளிகைகளும் சிற்பங்களும் எளிதிற் கண்ணுக்குப் புலனாகும். சொல்லும், தொழில்நுட்பமும், நீதிநெறியும் அவ்வாறு புலனாகா. தேடியே காணல் வேண்டும். பாரசீகர் உலகுக்கு அளித்தவற்றுள், நிலத்தின் கீழே நீரைக் கொண்டுசெல்லும் கலையும், அக்கலையோடு உடன்வளர்ந்த நீர்ச்சட்டமும் மிகவுயர்ந்தவை என்பதும், அச்சட்டத்தின் உட்கருத்து ஊவா மாகாணத்தில் வாழும் நமக்கு இன்று பெரிதும் வேண்டற்பாலது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாரசீகப் பேரரசு

‘பாரசீகம்’ என்பது இன்றைய ஈரான் நாட்டின் தென்பாலுள்ள ‘பார்சு’ என்னும் பகுதியின் பெயரால் அமைந்தது. அந்நாட்டார் தம் நாட்டை ‘ஈரான்’ என்றே வழங்கிவந்தனர். ஆரியர் நாடு என்பது அதன் பொருள். பிற நாட்டாரும் அப்பெயரையே வழங்குமாறு அந்நாட்டரசு 1935 ஆம் ஆண்டிற் கேட்டுக்கொண்டது.

கி. மு. 550 அளவிலே சைரசு மன்னன் மீதியரை வென்று பேரரசுக்கு அடிகோலினான். கி. மு. 539 இல் அவன் பாபிலோன் மாநகரைக் கைப்பற்றினான். ஆங்குச் சிறைவைக்கப்பட்டிருந்த யூதரைத் தம் நாடு மீளவும், தம் ஆலயத்தை மீண்டும் எடுப்பிக்கவும் அவன் விடுத்தமையை விவிலிய நூல் போற்றும். கி. மு. 522 முதல் 486 வரை ஆண்ட முதலாம் தாரியசு பேரரசைப் பல மாகாணங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆளுநனை அமைத்து, இறையை வரையறுத்தான். சார்திசு நகரிலிருந்து சூசா நகர்வரை ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் நீளமான அரசப் பெருவழி அவன் காலத்திற் செம்மையுற்றது. பெகிசுத்தூன் மலைப்பாறையிலே பழம் பாரசீகம், ஏலாம், பாபிலோனியம் என்னும் மூன்று மொழிகளில் அவன் வெட்டுவித்த சாசனமே பின்னாளில் ஆப்பெழுத்துகளைப் படித்தறிவதற்குத் திறவுகோலாயிற்று. பெர்சிபோலிசு என்னும் அரண்மனை நகரை எடுப்பித்தவனும் அவனே. கி. மு. 330 இல் மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தர் காலத்தில் அந்நகர் தீக்கிரையாயிற்று.

அதன்பின் கிரேக்கர் சிலகாலமும், பார்த்தியர் நெடுங்காலமும் ஆண்டனர். கி. பி. 224 முதல் 651 வரை சாசானிய மரபினர் உரோமப் பேரரசுக்கு ஒப்பான வலியோடு விளங்கினர். அவர்தம் அரசு அராபியர் படையெடுப்பால் வீழ்ந்தபின் நாட்டில் இசுலாம் பரவிற்று. சரதுஷ்டிரர் வகுத்த பழைய சமயத்தைக் கைவிடாத சிலர் கடல்கடந்து குசராத்தை அடைந்தனர். அவர் வழிவந்தோரே பார்சிகள். கொழும்புப் புறக்கோட்டையின் வாயிலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு பார்சிக் குடும்பத்தார் எடுப்பித்ததாகும். 2001 முதல் 2004 வரை இலங்கையின் நிதியமைச்சராகவிருந்த கே. என். சொக்சியும் அச்சமூகத்தவரே.

பாரசீகரும் வேதகால ஆரியரும் மொழியாலும் வழிபாட்டாலும் ஒரு மரத்தின் இரு கிளையினர். நம் வேதத்திலுள்ள மித்திரன் பாரசீகரின் அவெஸ்தா நூலிலும் உளன். நம் ‘சோமம்’ அவர்க்கு ‘ஹோமம்’. நம் ‘சப்த சிந்து’ அவர்க்கு ‘ஹப்த ஹிந்து’. கலைமகளின் பெயராக நாம் போற்றும் ‘சரசுவதி’ முதற்கண் ஓர் ஆற்றின் பெயர். அப்பெயரே ‘ஹரஹ்வதி’ என்னும் உருவில் இன்றைய ஆப்கானித்தானத்திலுள்ள ஓர் ஆற்றுக்கும் நாட்டுக்கும் பெயராக நின்றது. நீருக்குத் தெய்வமாக அவர்கள் அனாகிதாவை வழிபட்டனர். ஓடும் ஆற்றிலே உமிழ்தலையும், சிறுநீர் கழித்தலையும், கை கழுவுதலையும் பாரசீகர் பெரும்பிழையாகக் கருதினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரதோத்தசு குறித்துள்ளார். மழை அருகிய நாட்டிலே நீர் தெய்வமாயினமை வியப்பன்று.

ஈழத்துக் கரையிலே பாரசீகர்

இத்தகைய நாட்டாரோடு நம் தீவும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. கி. பி. ஆறாம் நூற்றாண்டிலே கொசுமாசு என்னும் வணிகத் துறவி தாம் எழுதிய நூலில், இலங்கைத் துறைகளுக்கு இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் வந்துசென்றன என்றும், ஈண்டுக் குடியேறிய பாரசீகக் கிறித்தவர்க்கு ஒரு கோயிலும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் இருந்தனர் என்றும் கூறுகின்றார். அவர் கூறும் கதையொன்றும் உண்டு. உரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் இலங்கை வேந்தன் அவையிலே தத்தம் அரசனே பெரியன் என்று வாதிட்டனராம். உரோமன், இருவர் நாட்டு நாணயங்களையும் ஒப்புநோக்குமாறு வேந்தனை வேண்டினன். உரோமனது பொற்காசு, பாரசீகனது வெள்ளிக்காசு. வேந்தன் பொற்காசை மெச்சினன் என்பது கதை. கதை கூறியவர் உரோமப் பேரரசைச் சார்ந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1912 ஆம் ஆண்டிலே அநுராதபுரத்து அகழ்வில், கல்லிற் புடைப்பாகச் செதுக்கிய சிலுவையொன்று கிடைத்தது. கொசுமாசு கூறிய பாரசீகக் கிறித்தவரின் சின்னமாகவே அறிஞர் பலர் அதனைக் கொள்வர். திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தைத் துறையின் அகழ்விலும், அநுராதபுரத்திலும், நீலப்பச்சை மெருகிட்ட பாரசீக மட்கலங்களின் ஓடுகள் கிடைத்துள்ளன. பாடல் பெற்ற தலத்தின் கரையிலே பாரசீகக் கப்பல்கள் நங்கூரமிட்டன என்பது நாம் எண்ணி மகிழற்பாலது.

சீனத் தளபதி செங் கோ கொணர்ந்த மும்மொழிச் சாசனம் இத்தொடர்பின் பிற்காலச் சான்றாகும். 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல் 1911 இற் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, இப்பொழுது கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. அக்காலத்து இந்துமாகடல் வணிகர்க்குப் பாரசீகமும் தமிழும் பொதுமொழிகளாய் விளங்கினமைக்கு இதனின் மேலான சான்று வேண்டா.

நம் தீவுக்குப் பாரசீகரும் அராபியரும் இட்ட பெயர் ‘சரந்தீபு’. சரந்தீப நாட்டு இளவரசர் மூவர், காணாத ஒட்டகத்தின் அடையாளங்களை நுண்ணறிவாற் கூறிய கதை பாரசீக இலக்கியத்திற் பயின்று வந்தது. தில்லியில் வாழ்ந்த அமீர் குசுரு தம் பாரசீகக் காவியத்தில் அக்கதையை அமைத்தார். 1557 இல் அது வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறிற்று. 1754 இல் ஒரேசு வால்போல் என்னும் ஆங்கிலேயர், எதிர்பாராது நல்லதொன்றைக் கண்டடைதலைக் குறிக்க அப்பெயரினின்றே ஒரு புதுச்சொல் ஆக்கினார்.

தோட்டத்தார் நாவிலும் பாரசீகம் உண்டு. கொழுந்து நிறுக்கும் ‘தராசு’ பாரசீகச் சொல். கடையிற் பெறும் ‘ரசீது’, தோளில் அணியும் ‘சால்வை’, திருவிழாக் காலத்துப் ‘பந்தோபஸ்து’, வேலை வேண்டுவோர் நாடும் ‘சிபாரிசு’ ஆகியனவும் அவ்வாறே. முகலாயராட்சியில் அலுவல் மொழியாக விளங்கிய பாரசீகம், இந்துத்தானி வழியாகவும் தக்கணம் வழியாகவும் தமிழகத்தை அடைந்து, அங்கிருந்து கொழுந்தெடுக்க வந்த மக்களோடு இம்மலைகளுக்கும் ஏறிற்று. அதற்கு ஈடாகப் போலும், இம்மலைகளின் தேயிலை ஈரானியர் இல்லந்தோறும் சென்று சேர்கின்றது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை செலுத்தவேண்டியிருந்த 25 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனைத் தேயிலையாகவே செலுத்துதற்கு 2021 டிசெம்பரில் இருநாட்டாரும் உடன்பட்டனர்.

கனாத் என்னும் நிலத்தடிக் கால்வாய்

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். மலைநாட்டுத் தோட்டங்களிலே ‘பீலி’ என்பது யாவரும் அறிந்த சொல். மலைச்சரிவில் ஊறும் நீரை மூங்கிற் குழாயாலோ இரும்புக் குழாயாலோ ஏந்தி, லயத்து மக்கள் குடிக்கவும் குளிக்கவும் வழிசெய்யும் இடமே பீலி. இறைக்க வேண்டுவதில்லை, பொறி வேண்டுவதில்லை, நீர் தானே இறங்கி வருகின்றது. இயற்கை இவ்வாறு தானே ஊற்றளிக்காத வறண்ட நாட்டிலே, மனிதர் தம் கையால் ஒரு பீலியை ஆக்குவதாயின் அஃது எவ்வாறிருக்கும்? அதுவே பாரசீகரின் ‘கனாத்’.

ஈரானின் நடுப்பகுதி பெரும்பாலும் பாலை. ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் மழைதானும் பெய்யாத ஊர்கள் அங்கு உள. மலைகளின்மீது பெய்யும் பனியும் மழையும் அடிவாரத்துச் சரளை மண்ணுட் புகுந்து ஆழத்தே தேங்குகின்றன. அந்நீரைத் திறந்த வாய்க்காலிற் கொண்டுசென்றால் வெயிலில் ஆவியாகிவிடும். ஆதலின் அவர்கள் நிலத்தின் கீழேயே வழி சமைத்தனர்.

முதற்கண் மலையடிவாரத்தில் ஆழமான ஒரு கிணற்றைத் தோண்டி நீருண்மையை உறுதிசெய்வர். இதனைத் ‘தாய்க் கிணறு’ என்பர். பின்னர் அந்நீர் சென்றடையவேண்டிய ஊரிலிருந்து தாய்க்கிணற்றை நோக்கிச் சிறிதே மேனோக்கிச் செல்லும் சுரங்கமொன்றை அகழ்வர். சரிவு ஆயிரம் முழத்துக்கு ஒரு முழம் என்னும் அளவில் மிக மென்மையாக இருத்தல் வேண்டும். சரிவு மிகுந்தால் நீர் விரைந்தோடிச் சுரங்கத்தின் அடியை அரித்துவிடும். குறைந்தால் நீர் தேங்கி மண் படியும். மண்ணை வெளியேற்றவும் காற்றுப் புகவும் வழிநெடுகச் செங்குத்தான குழிகளை இடுவர். வானூர்தியிலிருந்து நோக்குவார்க்கு இக்குழிகளின் வாய்கள் எறும்புப் புற்றுகள் வரிசையாக நிற்பனபோலத் தோன்றும்.

இத்தொழில் செய்வோர் ‘முகன்னி’ எனப்படுவர். தந்தையிடமிருந்து மைந்தன் பயின்ற தொழில் இது. ஒருவர் குனிந்து நிற்கும் அளவே உயரமான இருட்குகையிற் குந்தாலியும் விளக்குமே துணை. பின்னே வைத்த விளக்குகள் ஒன்றையொன்று மறைக்கின்றனவா என்று நோக்கித் திசை பிறழாது தோண்டுவர். விளக்கு மங்கினால் நச்சுக்காற்று உண்டென்று அறிந்து வெளியேறுவர். மண் இளகிய இடங்களிலே சுட்ட களிமண் வளையங்களைப் பொருத்திக் கூரையைத் தாங்குவர். மண்சரிவாலும் நீர்ப்பெருக்காலும் உயிர்நீத்தோர் பலர். கனாத் ஒன்று முற்றுப்பெறப் பல்லாண்டு செல்லும். கொனாபாத் என்னும் ஊரின் தாய்க்கிணறு ஏறத்தாழ 300 மீற்றர் ஆழமுடையது. யசுது நகரை அடுத்த சார்ச் கனாத் 70 கிலோமீற்றருக்கு மேல் நீண்டுசெல்கின்றது. 2016 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஈரானின் 11 கனாத்துகளை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

கனாத் முதன்முதல் எங்குத் தோன்றிற்று என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓமான் பகுதியே முந்தியது என்பாரும் உளர். ஆயினும் அதனை ஒரு பேரரசின் கொள்கையாக்கி வளர்த்தவர் பாரசீகரே. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு இதற்குச் சான்று பகர்கின்றார். நீரில்லா நிலத்துக்கு நீர் கொணர்வோர், அந்நிலத்தின் பயனை ஐந்து தலைமுறை துய்க்குமாறு பாரசீக வேந்தர் உரிமை அளித்தனர் என்றும், அதனால் மக்கள் பெரும்பொருளும் உழைப்பும் செலவிட்டு நெடுந்தொலைவிலிருந்து நிலத்தடியே நீர் கொணர்ந்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். தம் வாழ்நாளில் முற்றுப்பெறாத வேலையையும் மக்கள் மேற்கொண்டமைக்கு, பேரன் காலம்வரை பயன் நிலைக்கும் என்னும் உறுதியே காரணமாயிற்று.

இந்நீரால் எழுந்தவையே பாரசீகத் தோட்டங்கள். சுற்றுமதில் சூழ்ந்த சோலையை அவர்கள் ‘பைரிதைசா’ என்றனர். கிரேக்க மொழி வழியே சென்ற அச்சொல் மேல்நாட்டு மொழிகளிலே துறக்கத்தைக் குறிக்கும் பெயராயிற்று. நான்கு கூறாக வகுத்து நடுவே நீரோடவிட்ட அத்தோட்ட அமைப்பே முகலாயர் வழி இந்தியாவை அடைந்தது. தாசுமகாலின் முன்னுள்ள சோலையும் அம்முறையினதே.

கனாத்தும் பாரசீகத்தோடு நிற்கவில்லை. கிழக்கே ஆப்கானித்தானம், பலுச்சித்தானம், சீனத்துத் துர்பான் வரையும், மேற்கே மொரோக்கோ, இசுப்பானியா வரையும் அக்கலை பரவிற்று. தக்கணத்திலே பீதர் நகரில் பாமினி அரசர் காலத்துக் கனாத் உண்டு. புர்கான்பூரிலே 1615 அளவில் முகலாயர் அமைத்த கனாத் இன்றும் நீர் தருகின்றது. நமக்கு இன்னும் அணித்தாய், கேரளத்துக் காசர்கோட்டு மலைச்சரிவுகளிலே, செம்பாறையைக் கிடையாகக் குடைந்து நீர் எடுக்கும் ‘சுரங்கங்கள்’ ஆயிரக்கணக்கில் உள்ளன. இவை பாரசீகத் தொடர்பால் வந்தனவோ, அவ்விடத்து மக்களே கண்டனவோ என்பது ஆராய்ச்சிக்குரியது. எவ்வாறாயினும், மலையின் கருவிலிருந்து நீரை அழைத்துவரும் முறை மலைநாட்டார்க்குப் புதியதன்று.

நீரும் நீதியும்

நீர் வந்தவிடத்துப் பங்கீடு வேண்டும். கனாத்து நீரைப் பாரசீகர் காலத்தால் அளந்தனர். அடியில் நுண்டுளையிட்ட செப்புக் கிண்ணத்தை ஒரு நீர்ப்பாத்திரத்தில் மிதக்கவிடுவர். கிண்ணம் நிரம்பி அமிழும் பொழுது ஓரலகு. இத்தனை கிண்ணம் இன்னாருக்கு என்பது கணக்கு. இதனை நடத்துபவன் ‘மீராப்’ எனப்படுவான். மட்டக்களப்பு வயல்வெளியின் வட்ட விதானையார்போல, ஊராரின் நம்பிக்கைக்குரியவனே அப்பணிக்கு அமர்த்தப்பட்டான்.

பங்கீட்டினும் அரிய வினா ஒன்று உண்டு. என் நிலத்திலே நான் புதிதாகத் தோண்டும் கிணறு உன் பழைய கிணற்றின் நீரை இழுத்துக்கொண்டால் நீதி யாது? நிலத்தடி நீருக்கு வரப்பில்லை, வேலியில்லை. கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குராசான் நாட்டை ஆண்ட அப்துல்லா இப்னு தாகிரிடம் இத்தகைய வழக்குகள் பல வந்தன. சட்ட நூல்களிலே தெளிவான விடையில்லாமையால், அவர் குராசானிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் சட்டவறிஞரை அழைத்து, கனாத்துகளைப் பற்றித் தனியே ஒரு நூல் இயற்றுவித்தார் என்று பதினோராம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கர்தீசி கூறுகின்றார். கணித அறிஞர் கராசி, கி. பி. 1017 அளவில், மறைந்த நீரை வெளிக்கொணர்தல் பற்றி நூல் எழுதினார். மட்டம் பார்க்கும் கருவிகளும் நீருரிமை நெறிகளும் அதன்கண் ஒருங்கே ஆராயப்பட்டன.

அச்சட்டத்தின் உயிர்நாடி ‘ஹரீம்’ என்னும் கருத்து. தீண்டாது காக்கவேண்டிய எல்லை என்பது அதன் பொருள். ஒவ்வொரு கிணற்றையும் ஊற்றையும் கனாத்தையும் சூழ்ந்து ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் வேறெவரும் புதிதாகத் தோண்டலாகாது. மண் வன்மையாயின் எல்லை குறையும். மென்மையாயின் அதனின் இருமடங்காகும். ஏனெனில் மென்மண்ணில் நீர் தொலைவிலிருந்தும் ஈர்க்கப்படும். நிலம் யாருடையது என்பதனினும், இந்நீரை முன்னரே துய்த்துவருபவர் யாவர் என்பதே இங்கு முதல் வினா. இன்றைய ஈரானின் குடியியற் சட்டக் கோவையிலும் ‘ஹரீம்’ இடம்பெற்றுள்ளது.

ஊவாவின் மலையடியே

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தியென்று நாம் இருத்தல் இயலாது. பாரசீகரின் வழித்தோன்றல்கள் சுரங்கம் அகழ நம் மலைக்கே வந்தனர். 2008 ஆம் ஆண்டிலே இலங்கை அரசும் ஈரான் அரசும் உடன்பட்டு உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தைத் தொடங்கின. உமா ஓயா மகாவலி கங்கையின் கிளையாறுகளுள் ஒன்று. புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகட்டி, அதன் நீரின் ஒரு பகுதியை ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைக் கடத்தி, வெல்லவாயாவுக்கு அணித்தாய நிலத்தடி மின்னிலையத்தில் வீழ்த்தி, 120 மெகாவாற்று மின்வலுவை ஆக்கி, பின்னர் கிரிந்தி ஓயாப் படுகையின் வறண்ட வயல்களுக்குப் பாய்ச்சுதல் திட்டத்தின் நோக்கம். வேலையை ஈரானிய நிறுவனமொன்று மேற்கொண்டது. 2024 ஏப்பிரில் 24 ஆம் நாள் ஈரானிய அதிபர் இபுராகிம் ரைசியும் இலங்கை அதிபர் ரணில் விக்கிரமசிங்கவும் அதனைத் திறந்துவைத்தனர். அடுத்த மாதமே ரைசி உலங்குவானூர்தி விபத்தில் உயிரிழந்தார்.

வறண்ட மொனராகலைக்கும் தெற்குக்கும் நீர் செல்லுதல் நற்பணியே. மின்வலுவும் நாட்டுக்கு இன்றியமையாதது. ஆயின், இந்நன்மைக்கு விலை கொடுத்தோர் மலையின்மீது வாழ்ந்தோர். 2014 டிசெம்பரிற் சுரங்கம் அகழப்படுகையில், பாறை வெடிப்புகளிலிருந்து பெருநீர் உட்பாய்ந்தது. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களிலே கிணறுகள் வற்றின; ஊற்றுகள் நின்றன; பல வீடுகளின் சுவர்கள் வெடித்தன. ஊற்றுநீரை நம்பிய மக்கள் பவுசர் வண்டியின் வரவை நோக்கிக் குடங்களோடு காத்திருந்தனர். 2017 இல் மீண்டும் நீர்க்கசிவு மிகுந்தபோது, பண்டாரவளையில் மக்கள் பெருந்திரளாகத் திரண்டு தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர்.

இது நேர்ந்த காரணத்தைக் கனாத்தோடு ஒப்பிட்டு அறியலாம். கனாத் நிலத்தடி நீரின் மேற்பரப்பைச் சிறிதே தொட்டுச் செல்வது. நீர்மட்டம் தாழ்ந்தால் கனாத்தின் ஒழுக்கும் தாழும். மட்டம் சுரங்கத்தின் கீழ்ச் சென்றால் ஒழுக்கு நின்றுவிடும். ஆகவே, ஆண்டுதோறும் மலை அளிப்பதற்கு மேல் அதனால் எடுத்தல் அரிது. உமா ஓயாச் சுரங்கமோ நிலத்தடி நீரை நாடியதன்று. ஆற்றுநீரை எடுத்துச்செல்லும் குழாய் அது. ஆயினும் அது மிக ஆழத்தே செல்கின்றது. ஊவாவின் பழம்பாறைகள் வெடிப்பு மிகுந்தவை. அவ்வெடிப்புகளில் தேங்கிய நீரே மேலே கிணறாகவும் பீலியாகவும் வெளிப்படுவது. சுரங்கம் ஒரு பெருவெடிப்பை ஊடறுத்தவுடன், நீர் நிறைந்த பாத்திரத்தின் அடியில் துளையிட்டாற்போல, மேலுள்ள நீர் கீழ்நோக்கி இறங்கிற்று. துளையைப் பின்னர் அடைத்தாலும், நெடுங்காலம் சேர்ந்த நீர் மீளச் சேர்வதற்குப் பல மழைகள் வேண்டும்.

முகன்னி ஒரு நாளில் முழக்கணக்கிலே தோண்டினான். நீர் கசிந்தால் நின்று நோக்கினான். மேலே வாழ்பவர் அவன் ஊராரே. துளைபொறியோ மலையினூடே விரைந்து செல்கின்றது. அதனை இயக்குவோர் மேலுள்ள ஊற்றுகளின் பெயரை அறியார். ஆதலின், அவ்வூற்றுகளை முன்னரே எண்ணி, எழுதி, அளந்து, காக்கவேண்டிய எல்லையை வகுத்தல் திட்டம் வகுப்போர் கடனாகின்றது. பழம் பாரசீகச் சட்டம் கேட்ட முதல் வினாவும் அதுவே.

தோட்ட மக்களின் நிலை இவ்விடத்தே தனித்து நோக்கற்பாலது. லயத்தில் வாழ்வோரிற் பெரும்பாலார்க்குத் தாம் வாழும் வீடும் நிலமும் சொந்தமல்ல. பீலி ஊறும் சரிவும் தோட்டத்துக்குரியது. நிலவுரிமை ஒன்றையே நோக்கி நட்டஈடு அளக்கப்படுமாயின், நான்கைந்து தலைமுறையாக ஒரு பீலியில் நீர் முகந்த குடும்பம் கணக்கிற் சேராது போகக்கூடும். ‘ஹரீம்’ என்னும் நெறியோ நீரைத் துய்ப்பவரை நோக்குவது. வேற்று நாட்டிலே, வேற்றுச் சமயத்தார் வகுத்த நெறியாயினும், நிலமற்ற மலைநாட்டார்க்கு இதனிற் பொருந்துவது அரிது.

பாரசீகத்தின் இன்றைய நிலை

பாரசீகர் தாமும் இந்நெறியை முற்றக் காத்தனரல்லர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஈரானெங்கும் ஆழ்துளைக் கிணறுகளும் விசைப்பொறிகளும் பரவின. 1960-களில் நடந்த நிலச்சீர்திருத்தம் உழவர்க்கு நிலம் அளித்ததாயினும், கனாத்துகளைத் தூர்வாரிப் பேணிய பழைய அமைப்பு அதனாற் குலைந்தது. பொறி ஒருநாளில் இறைத்த நீர், கனாத்தின் மட்டத்தைத் தாண்டி நிலத்தடி நீரைத் தாழ்த்திற்று. ஆயிரமாண்டு ஓடிய கனாத்துகள் பல வறண்டன. நீரிழந்த நிலம் பல இடங்களில் அமிழ்ந்துவருகின்றது. இசுபகான் நகரின் அழகுக்கு அழகாகிய சாயந்தே ஆறு பெரும்பாலும் மணலாய்க் கிடக்க, 2021 நவம்பரில் உழவர்கள் அவ்வாற்றின் வறண்ட படுகையிலேயே கூடி நீர் கேட்டனர். பெரும்புகழ் பெற்ற மரபொன்று நூலிலே இருந்து வாழ்விலே இல்லாது போயின் நேர்வது யாது என்பதற்கு இது சான்று.

மாணவர் செய்யத்தக்கது

பாரசீக நாகரிகத்தைக் கற்பதன் பயன் பெர்சிபோலிசின் தூண்களை வியப்பதோடு முடியுமாயின் அஃது அரைப்பயனே. நம் மாணவர் செய்யத்தக்கதொன்று உண்டு. பதுளை, பசறை, அப்புத்தளை, வெலிமடைத் தோட்டங்களிலே தத்தம் இல்லத்துக்கு அணித்தாயுள்ள பீலிகளையும் ஊற்றுகளையும் கிணறுகளையும் எழுதி வைத்தல் வேண்டும். அதன் பெயர் யாது, எத்தனை குடும்பம் அந்நீரை நம்பியுள்ளது, எம்மாதத்தில் நீர் சுருங்குகின்றது, ஒரு குடம் நிரம்ப எத்துணைப் பொழுது செல்கின்றது என்பன அப்பதிவில் இடம்பெறுக. குடத்தையும் கடிகாரத்தையும் கொண்டே இவ்வளவையும் அறியலாம். பாரசீகரின் செப்புக் கிண்ணமும் இதனின் வேறன்று. ஊற்று வற்றியபின், முன்னர் அங்கு எவ்வளவு நீர் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லையேல் வழக்குரைத்தல் அரிது.

புவியியல், வரலாறு, கணிதம் ஆகிய மூன்று பாடமும் அப்பதிவேட்டிலே ஒன்றுகூடும். ஆண்டுதோறும் ஒரு வகுப்பார் அதனைப் புதுக்கி வருவாராயின், சில ஆண்டுகளுள் ஊவாவின் நீர்நிலைகளுக்கு நம்பத்தக்க ஓர் ஏடு உருவாகும். மலையை அடுத்த முறை எவர் துளைக்க வரினும், அவர்முன் வைப்பதற்கு அவ்வேடு நம் கையில் இருத்தல் வேண்டும்.